ஃபெசன்ட் பருவம் தொடங்கியும் பறவை இல்லை: நரியா, மழையா, புல்லா?

கேள்வி

தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் குடியிருக்கிறேன். ஸ்பிங்க் கவுண்டியில் நண்பர் குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலம் உண்டு. மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார்கள். 30 ஏக்கரில் குதிரைமசால் இருக்கிறது, ஓரத்தில் சம்பங்கோரை மண்டிய ஒரு சதுப்பும் உண்டு. ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கேதான் ஃபெசன்ட் என்ற கோழி இனக் காட்டுப் பறவையின் வேட்டைக்குப் போவோம். சில வருடங்களுக்கு முன்பு முதல் நாளிலேயே ஆளுக்கு 3 சேவல் கிடைத்துவிடும். இந்த முறை முதல் வார இறுதியில் 5 பேர், 2 நாய்களோடு 2 நாள் நடந்தும் மொத்தம் 4 சேவல்தான். நரிதான் காரணம் என்கிறார் நிலத்துக்காரர். பண்ணையில் வளர்த்த 200 பறவைகளை வாங்கி விடலாமா? குளிர்காலத்தில் தானியம் போடலாமா? இரண்டு வருடம் சுடாமல் விட்டால் பெருகுமா? மினசோட்டாவிலிருந்து வரும் என் மச்சினர் எச்-1பி விசாவில் இருக்கிறார். அவர் துப்பாக்கி எடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், சூ ஃபால்ஸ்

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

மச்சினர் விஷயம் சட்டம் சம்பந்தப்பட்டது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடை செய்கிறது. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவதொரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. ஆகவே அவர் உரிமம் வாங்கிய பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும். காரில் உங்கள் துப்பாக்கியைத் தூக்கி வைத்து உதவுவதுகூட உரிமத்துக்குப் பிறகுதான். உரிமம் முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாளோடு விலக்கும் முடிந்துவிடும். வெளிமாநிலத்தவர் என்பதால் அவருக்கு 5 நாள் வீதம் இரண்டு தவணையாகத்தான் உரிமம் கிடைக்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சிறு சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் தவறினால் விசாவே போய்விடும்.

இனி பறவைகளுக்கு வருவோம். முதல் வார இறுதியில் 4 சேவல் என்பதை வைத்துப் பறவை குறைந்துவிட்டதென்று முடிவுகட்ட முடியாது. பறவை இல்லாமல் போவது வேறு, இருந்தும் கண்ணில் படாமல் போவது வேறு. தெற்கு டகோட்டாவில் பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. மழை அதிகமான வருடங்களில் அந்த நேரத்தில் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி அறுக்கப்படாமல் நிற்கும். ஆளுயரத்துக்கும் மேலான பயிருக்குள் ஃபெசன்ட் பறக்காது. வரிசைகளுக்கு நடுவே நாய்க்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்து மறுமுனையில் நழுவிவிடும். 160 ஏக்கரில் 100 ஏக்கர் மக்காச்சோளம் நின்றால் நீங்கள் வேட்டையாடிய இடம் மீதி 60 ஏக்கர் மட்டுமே. வெயிலும் ஒரு காரணம். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ந்த நாளில் நாய்க்கு மோப்பமும் நிற்காது, மூச்சும் வாங்கும். அப்படிப்பட்ட நாளில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாயை நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும். அடர்ந்த புல்லில் ஓடும் நாய் வெப்பம் தாக்கிச் செத்துப்போவது அக்டோபரில்தான் அதிகம்.

இது ஒளிந்த பறவையா, இல்லாத பறவையா என்பதைக் கண்டுபிடிக்கும் முதல் சாட்சி உங்கள் பையில் இருக்கும் சேவலின் காலிலேயே இருக்கிறது. காலின் பின்பக்க முள்ளைப் பாருங்கள். அரை அங்குலத்துக்கும் குட்டையாக, முனை மழுங்கி, விரல் நகத்தால் அழுத்தினால் சற்று மெத்தென்று இருந்தால் அது இந்தக் கோடையில் பொரித்த இளசு. முக்கால் அங்குலத்தைத் தாண்டி, கூர்மையாக, பளபளக்கும் கறுப்பாக இருந்தால் குறைந்தது ஒரு குளிர்காலத்தைக் கடந்த முதிர்ந்த சேவல். இரண்டுக்கும் இடைப்பட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபெசன்ட் ஓராண்டு உயிரி போலத்தான். இலையுதிர்காலத்தில் சுடப்படும் சேவல்களில் பெரும்பாலானவை அந்த வருடத்துக் குஞ்சுகளாகவே இருக்க வேண்டும். முதிர்ந்தது ஒன்றுக்கு இளசு நான்கு, ஐந்து என்று வந்தால் குஞ்சு பொரிப்பு நன்றாக நடந்திருக்கிறது, பறவைகள் சோளத்துக்குள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் வந்தால் மே, ஜூன் மாதங்களில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. நான்கு பறவை போதாது. அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்களிடமும் கேட்டு 30, 40 கால்களையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை காற்றில்லாத விடியலில், சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே தொடங்கி, நிலத்தைச் சுற்றியுள்ள சாலையில் மைலுக்கு ஓரிடமாக நின்று 2 நிமிடம் சேவல் கூவலை எண்ணுங்கள். வருடா வருடம் அதே இடங்கள், அதே வாரம். இது வசந்தத்தில் எத்தனை சேவல் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும். ஆகஸ்ட் முதல் பாதியில் புல் நனைந்து சொட்டும் அளவு பனி விழுந்த, வானம் தெளிந்த காலையில் அதே சாலைகளில் மெதுவாக வண்டியை ஓட்டி, பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணுங்கள். ஈரம் தாங்காமல் பெட்டை தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு உலர்ந்த சாலையோரத்துக்கு வரும், அதனால்தான் மாநிலத் துறைகளின் கணக்கெடுப்பும் இந்த முறையிலேயே நடந்து வந்திருக்கிறது. பனியில்லாத காலையில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள், அது எப்போதும் குறைவாகத்தான் வரும்.

உங்கள் நிலம் இருக்கும் ஸ்பிங்க் கவுண்டிக்கு இதில் தனி இடம் உண்டு. ஆசியப் பறவையான ஃபெசன்டைத் தெற்கு டகோட்டாவில் வேரூன்ற வைத்த முயற்சி 1908, 1909 வாக்கில் அங்கேதான் நடந்தது. மாநிலத்தின் முதல் வேட்டைப் பருவமும் 1919 அக்டோபர் 30 அன்று அந்த ஒரே கவுண்டியில், ஒரே நாள் மட்டும் நடந்தது. 1940களின் நடுவில் மாநிலத்தில் 1 கோடியே 60 லட்சம் பறவைகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். அதன் பிறகு எண்ணிக்கை ஏறியதையும் இறங்கியதையும் பார்த்தால் ஒரே விஷயத்தோடு ஒட்டிப் போகிறது: உழாமல், அறுக்காமல் விடப்பட்ட புல் எவ்வளவு இருந்தது என்பதோடு. 1985 விவசாயச் சட்டம் கொண்டுவந்த சிஆர்பி திட்டத்தில், நிலத்தை 10 முதல் 15 வருடம் புல்லாக விடும் விவசாயிக்கு அரசு வாடகை கொடுத்தது. தெற்கு டகோட்டாவில் 2007ல் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் அதில் இருந்தது, பறவையும் உச்சத்தில் இருந்தது. பிறகு எத்தனால் தேவையால் மக்காச்சோள விலை ஏறி, ஒப்பந்தம் முடிந்த நிலங்களெல்லாம் உழவுக்குப் போயின. 2014ல் 10 லட்சம் ஏக்கருக்கும் கீழே வந்துவிட்டது. நடுவில் 2012 வறட்சியும், 2013ன் குளிர்ந்த ஈரமான வசந்தமும் சேர்ந்துகொண்டன. 2013 கணக்கெடுப்பில் மைலுக்கு 4.19 ஆக இருந்த பறவை 1.52 ஆனது, ஒரே வருடத்தில் 64 சதவீதச் சரிவு. அந்த டிசம்பரிலேயே ஆளுநர் ஹூரான் நகரில் வாழிட மாநாடு கூட்ட வேண்டியதாயிற்று.

வானிலையால் விழுந்த எண்ணிக்கை இரண்டு நல்ல கோடையில் எழுந்துவிடும். புல் போனதால் விழுந்தது எழாது. உங்கள் நிலத்தில் எது நடந்தது என்பதற்கு, கடந்த 10 வருடத்தில் சுற்றியுள்ள 2 மைலுக்குள் எத்தனை ஏக்கர் புல் உழவானது என்று நிலத்துக்காரரிடம் கேளுங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களை இணையத்தில் எடுத்து ஒப்பிட்டாலும் தெரியும்.

ஏன் புல் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லாமே ஒரு பெட்டை 40 நாள் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருப்பதில்தான் இருக்கிறது. பெட்டை ஓர் ஈட்டுக்கு 10 முதல் 12 முட்டை இடும். தினம் ஒன்று வராது, எனவே இட்டு முடிக்கவே 2 வாரம் பிடிக்கும். அடைகாப்பது 23 நாள். மே முதல் வாரம் தொடங்கிய கூடு ஜூன் இரண்டாம் வாரத்தில் பொரிக்கும். இப்போது உங்கள் நண்பரின் குதிரைமசாலைப் பாருங்கள். வசந்தத்தில் முதலில் பச்சையாகி உயர்வது அதுதான், அதனால் பெட்டை அதைத்தான் தேடிப் போகும். மே கடைசியிலிருந்து ஜூன் முதல் பாதிக்குள் முதல் அறுப்பு. அடையின் கடைசி வாரத்தில் இருக்கும் பெட்டை ஆபத்து வந்தால் எழுந்து ஓடாது, இன்னும் தாழ்ந்து கூட்டோடு ஒட்டிக்கொள்ளும். நரிக்கு அந்தத் தந்திரம் பலிக்கும். 13 அடி அகலத்தில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வட்டத்தகட்டு அறுவை இயந்திரத்துக்குப் பலிக்காது. முட்டையும் போகிறது, பெட்டையும் போகிறது. முட்டை மட்டும் போனால் பெட்டை மறுபடி கூடு கட்டும். இரண்டாம் ஈட்டில் முட்டை குறைவு, ஆனாலும் குஞ்சு கிடைக்கும். பெட்டை போனால் அந்த வருடக் கணக்கு அங்கேயே முடிந்தது. 30 ஏக்கர் குதிரைமசால் உங்கள் நிலத்தின் மிக நல்ல கூட்டிடமாகத் தோன்றினாலும், நரியைவிடப் பெரிய பொறி அதுவாக இருக்கலாம்.

பொரித்த பிறகும் கண்டம் உண்டு. குஞ்சின் பஞ்சு போன்ற தூவி மழையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முதல் 2 வாரம் அதனால் சொந்தமாக உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. 10 டிகிரி குளிரில் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் தாயின் இறக்கைக்குள் இடம் கிடைக்காத குஞ்சுகள் விறைத்துப்போகும். ஜூன் 5 முதல் 25 வரை ஸ்பிங்க் கவுண்டியின் ரெட்ஃபீல்டு நகரில் பெய்த மழையையும் இரவுக் குளிரையும் எடுத்துப் பாருங்கள், உங்கள் இளசு-முதிர்ச்சி விகிதத்துக்கு விடை பெரும்பாலும் அங்கே கிடைக்கும். அந்த வாரங்களில் குஞ்சு தின்பது ஏறக்குறைய முழுக்கப் பூச்சிதான், விதையல்ல. பூக்கும் செடி கலந்த புல்லில் பூச்சி இருக்கும். வெறும் புரோம் புல் மட்டும் வளர்ந்து தரையில் பாய் விரித்தாற்போல் பின்னிக்கிடந்தால் பூச்சியும் குறைவு, விரலளவு குஞ்சு நடக்கவும் வழியில்லை.

இனி உங்கள் மூன்று யோசனைகளையும் நிலத்துக்காரரின் நரியையும் பார்ப்போம்.

பண்ணைப் பறவை வேண்டாம். கூண்டில் வளர்ந்ததற்குப் பருந்தைப் பார்த்து ஒளியத் தெரியாது, தீனி தேடவும் தெரியாது. விட்ட முதல் வாரத்திலேயே பத்தில் நான்கு போல இறந்துவிடும், மாதம் ஒன்றானால் கால்வாசி மிஞ்சும், குளிர்காலத்தைக் கடந்து பிழைப்பவை நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுவது அரிது. 200 வாங்கினால் வசந்தத்தில் 10 இருந்தால் அதிகம். அதுவும் நல்ல தாயாகாது. அந்தப் பணத்தைப் புல் விதையில் போடுங்கள்.

சுடாமல் விடுவதாலும் பயனில்லை. சட்டப்படி சேவல் மட்டுமே சுடுகிறீர்கள். ஒரு சேவல் 10 பெட்டைக்கும் மேல் போதும். சேவலில் பெரும்பகுதி போனாலும் அடுத்த வருட முட்டை குறையாது. ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: ஜனவரியில் கடும் பனியும் காற்றும் இருக்கும் நாளில் சம்பங்கோரைக்குள் நாயை விட்டுக் கலைக்காதீர்கள். அங்கிருந்து கிளம்பும் பெட்டைகள் திறந்த வயலில் இரவைக் கழிக்க நேர்ந்தால் பிழைப்பது கடினம்.

தானியம் தூவுவதும் பெரிதாக உதவாது. ஃபெசன்ட் பட்டினியால் சாவது அபூர்வம். பனிப்புயலில் மறைவிடம் இல்லாமல்தான் சாகிறது. சாலையோரத்தில் கொட்டும் தானியம் பறவையை மறைவிலிருந்து வெளியே இழுத்து வண்டிக்கும் ஆந்தைக்கும் காட்டிக்கொடுக்கும். அதற்குப் பதில் சதுப்பை ஒட்டி, காற்று வரும் வடமேற்குத் திசைக்கு எதிர்ப்புறமாக, 4 ஏக்கர் மக்காச்சோளத்தையோ வெள்ளைச் சோளத்தையோ அறுக்காமல் விடச் சொல்லுங்கள். நாலைந்து வரிசை மட்டும் விட்டால் முதல் புயலிலேயே பனி மூடிவிடும்.

நரி கூட்டை அழிப்பது உண்மைதான். ரக்கூனும் ஸ்கங்கும் அதைவிட அதிகம் முட்டை தின்னும். மாநிலமும் 2019 முதல் இவற்றின் வாலுக்குப் பரிசுத் தொகை தருகிறது. ஆனால் 160 ஏக்கரில் பொறி வைத்துப் பயன் காண வேண்டுமானால் மார்ச் முதல் ஜூலை வரை விடாமல், வருடா வருடம் வைக்க வேண்டும். நிறுத்திய உடனே பக்கத்து நிலத்திலிருந்து வேறொன்று வந்து உட்காரும். செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: புல் நடுவே தனியாக நிற்கும் பட்ட மரம், பாழடைந்த கொட்டகை, கற்குவியல், பழைய இரும்புக் குப்பை இவற்றை அகற்றுங்கள். ரக்கூனும் ஸ்கங்கும் அங்கேதான் குட்டி போடும், பருந்தும் ஆந்தையும் மரத்தில் உட்கார்ந்துதான் பார்க்கும். அதோடு புல் பரப்பின் வடிவமும் முக்கியம். வேலியோரம் 20 அடி அகலத்தில் நீளும் புல்லில் நரி ஒருமுறை நடந்தாலே எல்லாக் கூட்டையும் முகர்ந்துவிடும். அதே ஏக்கர் சதுரமாக ஓரிடத்தில் இருந்தால் தேடித் தேடி அலைய வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது, சதுப்பை ஒட்டி 25 முதல் 40 ஏக்கர் புல் ஒரே பரப்பாக. நிலத்துக்காரர் விவசாயி, அவருக்கு நஷ்டம் வராமல் கேட்க வேண்டும். சதுப்பைச் சுற்றி உப்புப் பூத்து விளைச்சல் தராத துண்டுகள் இருக்கும், விதை, உரச் செலவுகூட வராத அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ரெட்ஃபீல்டில் இருக்கும், மத்திய வேளாண் துறையின் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி அலுவலகத்தில் அந்த நிலம் சிஆர்பி திட்டத்துக்குத் தகுதியானதா என்று கேட்கலாம். ஜேம்ஸ் ஆற்றுப் படுகைக்கென்று உள்ள கிரெப் (சிஆர்பியின் ஒரு கிளைத் திட்டம்) ஒப்பந்தத்தில் வாடகை கூடுதல், ஆனால் அதில் சேர்ந்தால் நிலம் பொதுமக்கள் வேட்டைக்குத் திறந்துவிடப்படும். அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்தால் மனக்கசப்பு வரும். சாதாரண சிஆர்பியில் அந்த நிபந்தனை இல்லை. ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர் அமைப்பின் உயிரியலாளர்கள் கட்டணமின்றி வந்து நிலத்தைப் பார்த்துத் திட்டம் போட்டுத் தருவார்கள்.

விதைப்பில் ஆழம்தான் பலரும் தவறும் இடம். நாட்டுப் புல் விதையை கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் போட வேண்டும். ஓர் அங்குலம் போனால் முளைக்காது. சோயா அறுத்த தாளில், உழாமல், நாட்டுப் புல்லுக்கான விதைப்புக் கருவியால் போடுவது சிறந்தது. நடந்தால் காலடி அரை அங்குலத்துக்கு மேல் பதியாத அளவு மண் இறுகியிருக்க வேண்டும். ஸ்விட்ச் புல், பிக் புளூஸ்டெம், வெஸ்டர்ன் வீட்கிராஸ் இவற்றோடு பூச்செடிகளைத் தாராளமாகக் கலக்கச் சொல்லுங்கள். முதல் கோடையில் களைதான் தெரியும், பயந்து உழுதுவிடாதீர்கள். களை முழங்காலைத் தாண்டும்போது 8 அங்குல உயரத்தில் வெட்டிவிட்டால் போதும். மூன்றாம் வருடம்தான் புல் என்று சொல்லும்படி நிற்கும். பிறகு பரப்பை நான்காகப் பிரித்து வருடம் ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டோடு எரிப்பதோ, மேலோட்டமாகத் தகட்டுக் கலப்பை ஓட்டுவதோ செய்தால் பின்னிக்கொள்ளாது. சிஆர்பி நிலமானால் மே 1 முதல் ஆகஸ்ட் 1 வரை அதில் கை வைக்கக் கூடாது.

குதிரைமசாலை முழுக்கத் தாமதித்து அறுக்கச் சொன்னால் அவர் ஒப்ப மாட்டார், முற்றினால் தீவனச் சத்து போய்விடும் என்பது நியாயம்தான். 30 ஏக்கரில் சதுப்பை ஒட்டிய 10 ஏக்கரை மட்டும் ஜூலை 15 வரை விடச் சொல்லி, அந்த முதல் அறுப்பின் நஷ்டத்தை வேட்டைக்கு வரும் ஐந்து பேரும் பகிர்ந்து கொடுங்கள். மீதி 20 ஏக்கரை நடுவிலிருந்து வெளிநோக்கி, பகலில் அறுக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றினால் குஞ்சுகள் நடுவே குவிந்து கடைசிச் சுற்றில் சிக்கும்.

இந்தப் பருவமும் முடிந்துவிடவில்லை, ஜனவரி 31 வரை இருக்கிறது. அறுவடை முடிந்த பிறகு, நவம்பர் நடுவில் மறுபடி போங்கள். காலை 10 மணிக்கு முன் சுடக் கூடாது, ஆனால் சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதுதான் பறவை வயலிலிருந்து புல்லுக்குத் திரும்பும், அந்த நேரத்தை விடாதீர்கள். காற்றை எதிர்த்து நடங்கள். கார்க் கதவை அறைந்து சாத்தாதீர்கள், நாயின் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள், நவம்பர் சேவல் அந்தச் சத்தத்துக்கே ஓட்டமெடுக்கும். புல்லின் மறுமுனையில் இரண்டு பேர் ஆரஞ்சுச் சட்டையோடு நிற்கட்டும். அவர்கள் இருக்கும் திசையில் தாழப் பறக்கும் பறவையை யாரும் சுடக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். பொது வேட்டை நிலங்களில் பெரும்பாலானவற்றில் ஈய ரவை கூடாது. எஃகு ரவையானால் 2 அல்லது 3 எண் ரவை போட்டு, 35 கஜத்துக்குள் வரும் பறவையை மட்டும் சுடுங்கள்.

குதிரைமசால் ஒப்பந்தத்தை வருடத் தொடக்கத்திலேயே பேசி முடிக்கும் விவசாயிகள் உண்டு. நிலத்துக்காரரிடம் 10 ஏக்கர் பற்றிப் பேசுவதை கிறிஸ்துமஸுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.